கருவாட்டுப் பந்து

நாய்க்குட்டி எனக்குக் கொண்டுவந்து தந்த முதல் புறாவில் மிச்சமிருந்தது இரண்டு செட்டையும் ஒரு காலும்தான். மற்றதை வரும் வழியிலேயே தின்றுவிட்டு, வாயோரத்தில் ஒட்டிய இறகோடு என் முன்னால் வந்து இருந்து வாலை ஆட்டியது. நான் கத்திய கத்தலில் வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. குட்டி வாய்க்காலுக்குள் பாய்ந்து அக்கரைக்குப் போய், அங்கே நின்று என்னைப் பார்த்தது. நான் வீட்டுக்குப் போகும்வரை இக்கரைக்கு வரவேயில்லை.

எனக்குக் கோபம் கூடுதல். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள்.

நாங்கள் ஜெயபுரத்தில் காட்டோரம் இருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் வயல், பின்னால் மேட்டுக்காணி, அதற்கப்பால் காடு. விதைப்பு நேரத்தில் புறாக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி விதைத்த நெல்லைப் பொறுக்கும். பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு வைத்திருக்கிறேன். சுட்ட புறா வரம்பில் விழுந்தால் எவ்வளவு நல்லது! அது விழுவதெல்லாம் வாய்க்காலுக்கு அப்பால் ஈச்சம்பற்றைக்குள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, முள்ளில் கிழிபட்டுத் தேடி, பாதி நாளில் வெறுங்கையோடு திரும்புவேன். அதற்காகத்தான் பரந்தனில் இருக்கும் மைத்துனன் வீட்டிலிருந்து இந்தக் குட்டியைத் தூக்கிவந்தேன். தாய் ஊர்நாய். தகப்பன் யாரென்று தாய்க்கே தெரியாது. காது மட்டும் தொங்கும். நான் பார்த்த வீடியோவில் வந்த நாய்க்கும் காது தொங்கியது. அந்த ஒரு பொருத்தத்தை வைத்துக்கொண்டு நான் கனவு கண்டேன்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் விசில் ஊதுவார். நாய் தண்ணீருக்குள் நீந்திப் போய், சுட்ட தாராவை இறகு கலையாமல் தூக்கிவந்து, அவர் முன்னால் இருந்து, கையில் வைக்கும். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

"பிள்ளையளின்ர படிப்பில இந்தக் கவனம் இருந்திருந்தா இண்டைக்கு ரெண்டும் கம்பசில நிண்டிருக்கும்," என்றாள் மனைவி.

நாலு சொல் போதுமென்று முடிவெடுத்தேன். இரு. தேடு. கொண்டா. விடு. குட்டிக்கு ஏழு மாதம் இருக்கும். 'இரு' என்றால் குந்துவதை மூன்று நாளில் பிடித்துக்கொண்டது. தேடத்தான் மாட்டேன் என்றது. தேங்காய்ப் பொச்சை உருட்டி, என் பழைய நீலச் சாரத்துணியால் சுற்றி ஒரு பந்து செய்து எறிந்தேன். குட்டி போய் மோந்து பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. நான் எறிவேன், நானே போய் எடுப்பேன். மனைவி குசினி வாசலில் நின்று, "ஆர் ஆரைப் பழக்கிறது?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. பந்தின் துணியை அவிழ்த்து, உள்ளே ஒரு துண்டுக் கருவாட்டை வைத்து, நூலால் இறுக்கிச் சுற்றினேன். மறுநாள் எறிந்ததுதான் தாமதம், குட்டி பாய்ந்து கவ்வியது. புல்லுக்குள் ஒளித்தேன், காற்றில் மணம் பிடித்து நேரே போனது. ஒரு கிழமையில் வாய்க்காலுக்கு அப்பால் போட்ட பந்தைக்கூட எடுத்து வந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பரந்தனுக்குப் போன் எடுத்து மைத்துனனிடமும் புளுகினேன்.

மிச்சமிருந்த பிரச்சினை வாய். பந்தைப் பிடித்தால் சப்பும். பாதி வழியில் நின்று, அதை வாய்க்குள் புரட்டி, மேலே எறிந்து திரும்பப் பிடிக்கும். முதல் புறாவை எடுத்துவர விட்டபோது மிஞ்சியது அந்த இரண்டு செட்டையும் காலும்தான். அதற்குக் கோழிமுட்டை நல்லதென்று கேள்விப்பட்டு, முட்டையை உடையாமல் கவ்விவரப் பழக்கத் தொடங்கினேன். முதல் நாள் மூன்று முட்டை உடைந்தது. இரண்டாம் நாளும் மூன்று. மூன்றாம் நாள் மனைவி கோழிக்கூட்டின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லட்டோ? அது வரேக்க வடிவாத்தான் கொண்டு வருது. நீங்கள் 'விடு, விடு' எண்டு கத்திறியள். நீங்கள் கத்தத்தான் அது பயத்தில வாயை இறுக்குது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவே சொன்னவை?"

எனக்குச் சுட்டது. சுட்டாலும் உண்மை. அதன் பிறகு நான் நிலத்தில் குந்தி, உள்ளங்கையை விரித்து, சின்னப்பிள்ளையோடு கதைப்பதுபோலக் கதைக்கப் பழகினேன். பழகியது நான்தான், குட்டி அல்ல. இரண்டு மாதத்தில் முட்டை கீறல் விழாமல் என் கைக்கு வந்தது. அந்த விதைப்பில் பதினொரு புறா, ஒரு இறகு கலையவில்லை.

பின்காணிக்கு வேலி ஒன்றுதான் எல்லை. அப்பால் ஒரு அக்கா கச்சான் போட்டிருந்தார். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியே இருப்பவர். மண்ணுக்குள் கச்சான்கடலை முற்றத் தொடங்க, காட்டிலிருந்து பன்றிகள் இறங்கின. ஒரு இரவில் கால் ஏக்கரை உழுதுபோட்டது மாதிரிக் கிளறிவிட்டுப் போயின. ஆண்கள் என்றால் கொட்டில் போட்டுக் காவல் இருப்போம். அவர் எத்தனை இரவு தனியே இருப்பார்? ஒரு பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, நான் பன்றிவெடி வைக்கப் போறன். உங்கட நாய் நிக்குது, அதுதான் கேக்கிறன்."

பன்றிவெடி என்பது நூலால் இறுக்கிச் சுற்றிய, எலுமிச்சங்காய் அளவு வெடிமருந்து உருண்டை. கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். தாடை போய்விடும், பிறகு பன்றி தின்ன முடியாமல் காட்டுக்குள் கிடந்து சாகும். மாடு கடித்தாலும் அதே கதிதான். வைப்பது குற்றமென்று எல்லோருக்கும் தெரியும். காட்டோரம் முழுக்க வைக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"வையுங்கோ அக்கா, நான் நாயைக் கட்டி வைக்கிறன்," என்றேன். யோசிக்கவேயில்லை. நல்ல அயலவன் என்று பெயரெடுக்கிற அவசரம்.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். பொழுதுபட அவர் வைப்பார், நான் குட்டியைக் கட்டுவேன். விடிய அவர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, பன்றி கலைக்க வைத்திருந்த எண்ணெய்த் தகரத்தில் மூன்று தரம் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகு அவிழ்ப்பேன். இரண்டு கிழமை ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

அன்றும் விடியத் தகரம் மூன்று தரம் கேட்டது. குட்டியை அவிழ்த்துக்கொண்டு பின்காணிக்குப் போனேன். அதை இருத்திவிட்டு, இடப்பக்கத்து ஆவரசம் பற்றைக்குள் பந்தை ஒளித்துவிட்டு வந்து, "தேடு," என்றேன். குட்டி மூக்கைத் தூக்கியது. காற்று வேலிப் பக்கமிருந்து வந்தது. இடப்பக்கம் திரும்பாமல் நேரே ஓடி, வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து மறைந்தது. அந்தப் பொட்டை அடைக்கச் சொல்லி மனைவி எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள்.

"எங்கயடி போறாய்?" என்று சொல்லிக்கொண்டு நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதே பொட்டுக்குள்ளால் வந்தது. வாயில் உருண்டை. வாலை ஆட்டிக்கொண்டு, பழக்கின மாதிரியே தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது.

என் பந்து நீலம். அதன் வாயில் இருந்தது சாம்பல் நிறம்.

எனக்குத் தொண்டையில் ஒரு கத்தல் எழும்பியது. அது வெளியே வந்திருந்தால் இந்தக் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஓடவும் முடியாது. நான் ஓடினால் விளையாட்டென்று நினைத்து அதுவும் ஓடும். எனக்கும் அதற்கும் இடையில் நாற்பது அடி இருக்கும். கால்கள் தானாக மடிந்து குந்திக்கொண்டன. கையை விரித்தேன். அது ஆடாமல் இருக்க மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி தேத்தண்ணீரோடு வந்தாள். குட்டிக்கு அவள் என்றால் உயிர். கண்டால் பாய்ந்து மேலே ஏறும்.

"அப்பிடியே நில்லும்," என்றேன், திரும்பாமல், வாய்க்குள்ளேயே. "அதைப் பாராதையும். கூப்பிடாதையும்."

"ஏன், என்ன கோதாரி—" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

குட்டி பாதித் தூரத்தில் நின்றது. நின்று வாயை அசைத்தது. பந்தைப் புரட்டிப் பிடிக்கிற அந்தப் பழைய பழக்கம். உருண்டை பல்லுக்கு நேரே வந்து, திரும்ப நாக்குக்குப் போனது. பிள்ளையாரே, மாதாவே, நான் எல்லோரையும் கூப்பிட்டேன். எந்தக் கோயில் என்று பார்க்கவில்லை. "கொண்டா," என்றேன். குரல் மெல்லத்தான் வந்தது. குட்டி மறுபடி நடந்தது. மனைவி நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தது, பிறகு என் கையைப் பார்த்தது. கைக்குத்தான் வந்தது.

வந்து இருந்தது. வாயோரத்தால் வீணீர் வடிந்தது. முகத்துக்கு முகம், ஒரு சாண் இடைவெளி. கருவாட்டு மணம் எனக்கே அடித்தது.

"விடு," என்றேன்.

குரல் காகம் கரைந்தது போல வந்தது. குட்டியின் காது பின்னால் போனது, தாடை இறுகியது. நூல் ஒரு இடத்தில் அமுங்குவதை என் கண்ணால் கண்டேன். அந்த நொடியில் நான் என் கையைப் பற்றி யோசிக்கவில்லை, முகத்தைப் பற்றியும் யோசிக்கவில்லை. இந்தப் பச்சைமண் என்னை நம்பித்தானே இதை வாயில் வைத்துக்கொண்டு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. அழுகையோடு வந்த குரல்தான் சரியான குரலாக இருந்திருக்க வேண்டும்.

"என்ர குஞ்செல்லே... விடம்மா. விடு."

வாய் திறந்தது. உருண்டை ஈரமாக, இளஞ்சூடாக என் உள்ளங்கையில் இருந்தது. குட்டி என் விரலை நக்கியது.

மனைவி வந்து அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் உருண்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்து, மருந்து நனையட்டுமென்று தண்ணீருக்குள் மெல்ல இறக்கிவிட்டு வந்தேன். வரம்பில் இருந்துவிட்டேன்.

"விசரோ உங்களுக்கு?" மனைவி அழுதுகொண்டே ஏசினாள். "அதை ஆரும் கையில வாங்குவினமே?"

"பின்ன, தட்டத்திலயோ வாங்கிறது?" என்றேன். இரண்டு பேரும் பைத்தியக்காரர் மாதிரிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கக் கோபம் வந்தது. வேலியைத் தாண்டி அக்காவின் முற்றத்துக்குப் போய் நின்று, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எண்ணத் தெரியாதா, கண் தெரியாதா, ஒரு உயிர் போயிருக்கும், என் கை போயிருக்கும் என்று. அவர் உலக்கையைச் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வைச்சனான் தம்பி, நாலுதான் கிடந்தது. ராவு ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பன்றி கடிச்சிட்டுது எண்டு நினைச்சிட்டன். அது வேற ஆரின்ரயோ காணியில போல. நரி கிரி இழுத்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கும்." குரல் உடைந்தது. "பிழைதான். ஆனா கேட்டுத்தானே வைச்சனான். நீங்கள்தானே வையுங்கோ எண்டனீங்கள்."

வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்று, "எதில சுத்தி வைக்கிறனீங்கள்?" என்றேன்.

"வேற எதில? கருவாட்டிலதான். அதுக்குத்தானே பன்றி வரும்."

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் தலைக்குள் பன்றிவெடி ஒரு பக்கம் கிடந்தது, நாய்ப் பந்து ஒரு பக்கம் கிடந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற புத்தி மட்டும் இருக்கவில்லை. காட்டோரத்தில் கருவாட்டு மணத்தோடு உருண்டையாக என்ன கிடந்தாலும் தேடி எடுத்து வரும்படி நான்தான் ஐந்து மாதம் பழக்கியிருந்தேன்.

அக்கா அன்றோடு வைப்பதை விட்டுவிட்டார். "நான் விட்டிடுவன் தம்பி, மற்றவையை ஆர் கேக்கிறது?" என்றும் சொன்னார். சரிதான். காடு நீளத்துக்கு வைக்கிறார்கள், யாரும் தகரம் தட்டுவதில்லை.

குட்டியைக் கட்டிப் போட்டேன். வேலிப் பொட்டையும் அன்றே அடைத்தேன். குட்டி பகல் முழுக்க அனுங்கியது, கயிற்றை அரித்தது. திருப்பிக் கொண்டுபோய்ப் பரந்தனில் விட யோசித்தோம். மைத்துனன் வீடு பெருந்தெருக் கரையில், பஸ் ஓடுகிற வேகத்தில் ஒரு கிழமை தாங்காது. நாலாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம், கூப்பிடவும் பயந்து, தேடினோம். கூப்பிட்டால் வாயில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுமே! வந்தது. வாயில் ஏதோ இருந்தது. மனைவி வாசல் படலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் குந்தி, கையை விரித்து, அதே குரலில் கேட்டு வாங்கினேன். யாருடையதோ பழைய செருப்பின் அடி.

"என்னால ஒவ்வொரு நாளும் இப்பிடிச் சாகேலாது," என்றாள் மனைவி. "பழக்கினது நீங்கள். நீங்களே மாத்துங்கோ."

எப்படி மாற்றுவதென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரரின் வீடியோவில் வேறு வழி இருந்திருக்கலாம். தேடிப் பார்க்கும் அளவுக்கு நாள் இல்லையென்று நினைத்தேன்.

மறுநாள் காலை பந்துக்குள் புதுக் கருவாடு வைத்துச் சுற்றி, ஒற்றையடிப் பாதையில் போட்டேன். பூவரசந் தடி ஒன்றை முறித்து முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். குட்டியை அவிழ்த்து, ஒன்றும் சொல்லாமல் நடந்தேன். குட்டி மணம் பிடித்தது, ஓடியது, கவ்வியது. பாதி வழியில் நிற்கவில்லை, புரட்டவில்லை. நேரே வந்து இருந்து, என் கையில் வைத்தது. ஒரு பிழை சொல்ல முடியாது. நான் அடித்தேன்.

குட்டி ஓடவில்லை. என்னைப் பார்த்தது, கீழே விழுந்த பந்தைப் பார்த்தது. தான் ஏதோ பிழையாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். பந்தைத் திரும்ப எடுத்தது, முட்டையைத் தூக்குவதைவிட மெல்ல. வயிறு நிலத்தில் உரசக் கிட்ட வந்து, என் விரல்களில் பல் படாமல், உள்ளங்கையின் நடுவில் வைத்தது. நான் திரும்பவும் அடித்தேன். மூன்றாம் தரமும் எடுத்து வந்தது. எவ்வளவோ பேரை, எவ்வளவோ மாடுகளை, என் பிள்ளைகளையும் நான் கோபத்தில் அடித்திருக்கிறேன். கோபமில்லாமல் ஒரு உயிரை அடித்தது அன்று மட்டும்தான். அடித்துக்கொண்டே அழுதேன். மனைவி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாம் தரம் எடுக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து, வேறு வேறு இடத்தில், பந்தோடும் செருப்போடும் செய்தேன். அதன் பிறகு எதைக் கண்டாலும் விலகி நடந்தது.

இப்போது மூன்று வயது. காட்டோரம் அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறோம். கருவாட்டு மணம் வந்தால் அந்த வழியை விட்டுச் சுற்றிப் போகும். சுட்ட புறா காலடியில் விழுந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நானே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பற்றைக்குள் இறங்குகிறேன். போன மாதம் எங்கள் பக்கத்தில் இரண்டு நாய்கள் வாய் சிதறிச் செத்தன. குட்டி உயிரோடு இருக்கிறது. மனைவி சோற்றை உருட்டி நீட்டினால் அவள் கையிலேயே வாங்கித் தின்னும். நான் நீட்டினால் தள்ளி நின்று என் கையைப் பார்க்கும். நிலத்தில் வைத்துவிட்டு நான் வீட்டுக்குள் போன பிறகுதான் வந்து தின்னும்.